மஞ்சளும் மெய்ச்சோதனையும்

மஞ்சள் கிருமியைக் கொல்லும் என்பது நம் நாட்டில் சிறு பிள்ளைகளும் அறிந்த வழக்கு. ஆயினும் வழக்கு வேறு, நிரூபணம் வேறு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தூரத்தைக் கடப்பதே விஞ்ஞான மாணாக்கரின் கடமையென்று நாம் கருதுகிறோம்.

மஞ்சளுக்கு நிறமளிக்கும் குர்க்குமின் என்னும் பொருள் 1815-ம் ஆண்டில் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் இரசாயன அமைப்பு 1910-ல் தெளிவாயிற்று. அது கிருமிகளைத் தடுக்குமென்று கூறும் கட்டுரை 1949-ல் 'நேச்சர்' பத்திரிகையில் வெளிவந்தது. இத்துணை நெடுங்காலம் ஆராயப்பட்டும், கிருமி நோய்களுக்குரிய மருந்தாக அது நிலைபெறவில்லை. காரணம் யாது?

கிருமிகளைப் பரப்பிய அகார்த் தட்டின்மீது, மருந்தில் தோய்த்த வட்டத்தாளை வைத்தால், மறுநாள் அதனைச் சுற்றிக் கிருமி வளராத வெற்றிடம் தோன்றலாம். உடனே மருந்து கண்டோமென்று மகிழ்கிறோம். குர்க்குமினோ நீரில் கரைவது மிக அரிது. சாராயம் போன்ற திரவத்திலேயே கரைக்க வேண்டும். சாராயம் தானே கிருமியைக் கொல்ல வல்லது. ஆதலின், சாராயத்தில் மட்டும் தோய்த்த தாளொன்றையும் உடன்வைத்துப் பாராதவர், மஞ்சளைச் சோதித்தாரா, சாராயத்தைச் சோதித்தாரா என்பது விளங்காது. நீரில் கரையாத பொருள் அகாரிலும் நன்கு பரவாது. எனவே வெற்றிடத்தின் அகலங்கொண்டு வலிமையை அளத்தலும் தகாது. மருந்தைக் குழாய்களிற் படிப்படியாக நீர்த்து, எந்த அளவில் வளர்ச்சி நிற்கிறதென்று காணல் வேண்டும். அங்கும் மஞ்சள் நிறம் குழாயின் கலங்கலை மறைத்து ஏமாற்றக்கூடும். அக்குழாயினின்று ஒரு துளியைப் புதிய தட்டில் இட்டுப் பார்த்தாலன்றிக் கிருமி மாண்டதா, வளராது அடங்கிக் கிடக்கிறதா என்று துணிதல் இயலாது.

தட்டில் வென்றது உடலிலும் வெல்லுமென்பது திண்ணமன்று. உண்ட குர்க்குமினில் இரத்தத்திற் சேர்வது சொற்பமே. தட்டின் வெற்றிடத்தை நம்பி நோயாளி ஒருவர் தக்க சிகிச்சையைக் கைவிடின், அவர் உயிருக்குப் பொறுப்பாளி யார்?

இங்ஙனம் வினவுதல் முன்னோரை இகழ்வதாகுமென்பர் சிலர். மஞ்சளால் புண்ணாற்றும் முறைக்கு அமெரிக்காவில் 1995-ல் அளிக்கப்பெற்ற காப்புரிமை, நம் நாட்டார் பழைய ஏடுகளைச் சான்றாகக் காட்டியதனால் 1997-ல் நீக்கப்பட்டது உண்மையே. ஆனால் அவ்வேடுகள் காத்தது நமது முதன்மையை. பலனை நிலைநாட்டுவது சோதனையின் வேலை. முன்னோர் கூற்றைச் சோதித்துப் பார்ப்பதே அதற்கு நாம் செய்யும் மரியாதை.

ஆகவே, மாணாக்கர்காள், வெற்றிடம் தோன்றிய தட்டை மட்டுமன்றித் தோன்றாத தட்டையும் மறையாது எழுதுங்கள். 'பலன் இல்லை' என்று நேர்மையாக எழுதிய ஒரு வரி, பின்வருவோரின் பல்லாண்டு உழைப்பை வீணாகாமற் காக்கும்.