கழித்துக் காட்டாத லாபம்

‘பத்து டிரேடில் ஆறில் லாபம்’ என்று யூடியூபிலும் டெலிகிராமிலும் இன்ட்ராடே, அதாவது அன்றே வாங்கி அன்றே விற்கும் வர்த்தகத்துக்கான உத்திகள் விற்கப்படுகின்றன. கூடவே மூன்று மாத லாபத்தின் ஸ்கிரீன்ஷாட் ஒன்று. ஆனால், 2022-23இல் பங்குச் சந்தையின் ரொக்கப் பிரிவில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேர் நஷ்டப்பட்டதாகப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2024 ஜூலை ஆய்வு சொல்கிறது. ஆண்டுக்கு 500 முறைக்கு மேல் வர்த்தகம் செய்தவர்களில் 80 சதவீதம் பேருக்கு நஷ்டம்.

கை பழகப் பழக லாபம் வரும் என்பார்கள். இங்கே அதிகம் வர்த்தகம் செய்தவர்களே அதிகம் தோற்றிருக்கிறார்கள். செலவைக் கூட்டிப் பார்த்தால் ஒரு காரணம் தெரியும்.

ஒரு லட்சம் முதல் போட்டு, ஐந்து மடங்கு மார்ஜினில் தினமும் ஐந்து லட்சத்துக்குப் பங்கு வாங்கி அன்றே விற்பவரை எடுத்துக்கொள்வோம். விற்கும்போது பரிவர்த்தனை வரி 0.025 சதவீதம், அதாவது 125 ரூபாய். வாங்கவும் விற்கவும் தலா 20 ரூபாய் தரகு. பங்குச் சந்தைக் கட்டணம், முத்திரைத் தீர்வை, ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 220 ரூபாய். 240 வர்த்தக நாட்களுக்கு 50,000 ரூபாயைத் தாண்டிவிடும். வாங்கிய விலைக்கே விற்றாலும் முதலில் பாதி போய்விடும்! நினைத்த விலை கிடைக்காமல் போவதால் வரும் இழப்பு தனி. நஷ்டப்பட்டவர்கள் வர்த்தக நஷ்டத்துக்கு மேலும், அதில் 57 சதவீதத்துக்கு நிகரான தொகையைச் செலவாக இழந்ததாக அதே ஆய்வு கூறுகிறது.

பத்தில் ஆறு வெற்றி என்பதும் அரைக் கணக்குதான். ஆறு முறை தலா 1,000 ரூபாய் வந்து, நான்கு முறை தலா 1,500 ரூபாய் போனால் மிச்சம் பூஜ்யம். தரகு அப்போதும் கட்டியாக வேண்டும்.

மூன்று மாதக் கணக்கு மறைக்கும் இன்னொன்று, மோசமான நாள். நிஃப்டி 2020 மார்ச் 23 அன்று ஏறக்குறைய 13 சதவீதமும், 2024 ஜூன் 4 அன்று ஏறக்குறைய 6 சதவீதமும் சரிந்தது. இத்தகைய நாட்களைத் தாண்டி வராத உத்திக்கு நீண்டகால லாபம் இருப்பதாக எப்படிச் சொல்ல முடியும்?

தாக்குப்பிடித்தால் தேறிவிடலாம் என்ற நம்பிக்கைக்கு பிரேசிலில் விடை இருக்கிறது. 2013 முதல் 2015 வரை அங்கே ஃபியூச்சர்ஸில் தின வர்த்தகம் தொடங்கியவர்களைப் பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். 300 நாட்களுக்கு மேல் நீடித்தவர்களில் 97 சதவீதம் பேர் பணத்தை இழந்திருந்தார்கள். அந்நாட்டின் குறைந்தபட்சக் கூலிக்கு மேல் சம்பாதித்தவர்கள் 1.1 சதவீதமே. ஜெயிப்பவர்கள் இல்லாமல் இல்லை. விளம்பரத்தில் அவர்கள் மட்டுமே வருகிறார்கள் என்பதுதான் சிக்கல்.

செபி சும்மா இருக்கவில்லை. கணினி நிரல் தானாக வர்த்தகம் செய்யும் அல்கோ உத்திகளின் கடந்தகால லாபத்தைக் காட்டி ஆள் பிடிக்கத் தரகு நிறுவனங்களுக்கு 2022இலேயே தடை விதித்தது. எஃப் அண்டு ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பிரிவில் பத்தில் ஒன்பது பேருக்கு நஷ்டம் என்ற எச்சரிக்கையைத் தரகுச் செயலிகள் காட்ட வேண்டும் என 2023இல் உத்தரவிட்டது. ஆனால், பொதுவான எச்சரிக்கையை யாரும் தன்னைப் பற்றியதாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தப் பத்தாவது ஆள் தான்தான் என்றே ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள்.

எனவே, கணக்குத் தொடங்கிய நாள் முதல் எல்லாச் செலவும் போக நிகர லாபமா நஷ்டமா என்பதை, அன்றைய முதல் ஆர்டர் போடும் முன் செயலியே வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும். தரவு முழுவதும் தரகு நிறுவனங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ‘பயிற்சி’ என்ற பெயரில் உத்தி விற்பவர்கள் லாபத்தைச் சொல்லி விளம்பரம் செய்தால், குறைந்தது மூன்று ஆண்டுகளின் தணிக்கை செய்த நிகரக் கணக்கையும் வெளியிட வேண்டும். முடியாவிட்டால் விளம்பரத்தை நீக்க வேண்டும். இவ்விரண்டையும் செபி கட்டாயமாக்க வேண்டும்.