ஸ்கேனர் சொல்லாததை எக்செல் சொல்லும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர் ஒருவர், காருக்கு ஓபிடி ஸ்கேனர் வாங்கலாமா என்று கேட்டார். தாராளமாக வாங்குங்கள், ஆனால் முதலில் எக்செல்லைத் திறந்து ஒரு பட்டியல் போடுங்கள் என்றேன். அவருக்கு ஏமாற்றம்தான்.

2013 ஏப்ரலுக்குப் பிறகு பிஎஸ் 4 தரத்தில் வந்த கார்களில், ஸ்டீரிங்கிற்குக் கீழே 16 பின் கொண்ட சாக்கெட் ஒன்று இருக்கும். அதில் ஸ்கேனரைச் செருகி, ப்ளூடூத் வழியாக லேப்டாப்புடனோ செல்போனுடனோ இணைத்தால், இன்ஜின் கோளாறுகளுக்கான குறியீடுகள் திரையில் வரும். நல்ல வசதிதான். நானும் வைத்திருக்கிறேன்.

கொல்லிமலைக்குக் கிளம்பும்முன் ஸ்கேன் செய்தேன். ஒரு கோளாறும் இல்லை என்றது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளும் தொல்லையில்லாமல் ஏறியாயிற்று. இறங்கும்போது பாதி வழியில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. பின் சீட்டில் குழந்தைகள். கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெல்ல இழுத்து, ஒரு வழியாக மலைப்பக்கம் ஒதுக்கி நிறுத்தினேன். அரை மணி நேரத்தில் பெடல் பழையபடி கெட்டியாகி விட்டது. அதை நம்பவில்லை, மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "பிரேக் ஆயில் கடைசியா எப்ப மாத்துனீங்க சார்?"

எனக்குத் தெரியவில்லை. வீட்டில் பில்களைக் கிளறியபோதுதான் நான்கு வருடம் ஆகியிருந்தது தெரிந்தது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் 155 டிகிரிதான் உத்தரவாதம். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக் கொண்டே வந்தால் அந்தச் சூடு வந்து விடும். ஆயில் கொதித்துக் குமிழிகள் உண்டாகும். நீங்கள் மிதிப்பது அந்தக் குமிழிகளைத்தான். (ஏறும் கியரிலேயே இறங்கு என்று லாரிக்காரர்கள் சொல்வது இதற்காகத்தான்.) ஆயில் அளவு குறைந்தால் விளக்கு எரியும். ஈரம் ஏறினால் விளக்கும் இல்லை, குறியீடும் இல்லை. பெரும்பாலான கார்களுக்கு இரண்டு வருடத்திற்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தேதி தெரிந்தால்தானே மாற்றுவீர்கள்?

சர்வீஸ் சென்டரில் கணக்கு இருக்குமே என்பீர்கள். பழைய கார் வாங்கினவருக்கும், கடை மாற்றினவருக்கும் அது உதவாது.

எக்செல் இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் போதும். தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, செலவு, அடுத்த தேதி என்று ஐந்து பத்திகள். தேதி உள்ள கட்டத்துடன் 730ஐக் கூட்டினால் இரண்டு வருடம் கழித்து வரும் தேதி கிடைக்கும். ஐந்து இலக்க எண் ஏதாவது வந்தால் பயப்படாதீர்கள். அந்தக் கட்டத்தைத் தேதி வடிவத்துக்கு மாற்றுங்கள், சரியாகி விடும். பேட்டரி, டயர், கூலன்ட் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு வரி. ஒரு பிரதியை பென்டிரைவில் போடுங்கள், இன்னொன்றை அச்சிட்டு காரிலேயே வையுங்கள்.

நண்பர் ஸ்கேனரும் வாங்கி விட்டார். அதன் விலையையும் பட்டியலில் ஒரு வரியாக எழுதி வைத்திருக்கிறார்.