பேரப்பிள்ளைகளின் இடுப்பும் இதயமும்

ஒரு பிள்ளையைப் பார்த்து ‘நல்லா புஷ்டியா இருக்கான்’ என்று சொன்னால், நம் வீடுகளில் அது பாராட்டு. கொஞ்சம் ஒல்லியாக இருந்தாலோ, ‘வீட்டில் சோறு போடுவதில்லையா?’ என்று பெற்றவர்களைக் கேட்போம். ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்ற தலைமுறைக்கு இப்படி ஓர் எண்ணம் இருப்பதில் வியப்பில்லை. ஆனால் இன்று நம் புதுச்சேரியில் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் ஒரு மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்குவதைப் பார்க்கிறோம். அந்தப் பாராட்டை நிறுத்திக்கொள்ளும் காலம் வந்துவிட்டது என்பது என் கருத்து.

‘மாரடைப்பு வயதானவர்களுக்கு வருவது, பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அதைப் பற்றி என்ன கவலை?’ என்று கேட்கிறவர்கள் உண்டு. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கச் சிப்பாய்களின் இதயங்களை மருத்துவர்கள் பரிசோதித்து, 1953-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களின் சராசரி வயது 22. நூற்றுக்கு 77 பேரின் இதய இரத்தக் குழாய்களில் நோயின் அடையாளம் தெரிந்தது. இருபத்திரண்டு வயதில் தெரிகிறது என்றால், அது தொடங்கியது எப்போது? பிறகு அமெரிக்காவிலேயே லூசியானா மாநிலத்தின் பொகலூசா என்ற சிற்றூரில் பல ஆண்டுகள் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். உடல் எடை, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் எல்லாம் கூடுதலாக இருந்த பிள்ளைகளின் இரத்தக் குழாய்களில்தான் கொழுப்புப் படிவும் கூடுதலாக இருந்தது என்று கண்டார்கள்.

அரசு வேலை பார்த்தவர்களுக்கு சர்வீஸ் புக் என்றால் என்னவென்று தெரியும். வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்து பதிவு ஏறிக்கொண்டே போகும். ஓய்வு பெறும்போது முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்ப்பார்கள். இரத்தக் குழாயும் அப்படித்தான். ஐம்பத்து மூன்று வயதில் வரும் மாரடைப்புக்குப் பதிவு பதினைந்து வயதிலேயே ஏறத் தொடங்கியிருக்கும். ஐம்பத்து மூன்று என்று நான் சும்மா சொல்லவில்லை. பல நாடுகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வில், முதல் மாரடைப்பு வரும் வயது தெற்காசியர்களுக்கு 53 என்றும், மற்றவர்களுக்கு ஏறத்தாழ 59 என்றும் தெரியவந்தது. நமக்கு ஆறு ஆண்டு முன்கூட்டியே வருகிறது.

இந்தியாவில் 5 முதல் 19 வயதுக்குள் உடல் பருமன் உள்ளவர்கள் 1990-இல் சுமார் 4 லட்சம் பேர். 2022-இல் 1 கோடியே 25 லட்சம். முப்பத்திரண்டே ஆண்டுகளில் ‘வம்ச வாகு’ இப்படி மாறாது. ஆகவே ‘எங்கள் குடும்பமே கொஞ்சம் கனமான உடம்பு’ என்று சமாதானம் சொல்லிக்கொள்வது பொருந்தாது. மாறியது நாம் தின்பதும் திரிவதும்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. பள்ளி வளாகத்திலும், வாயிலிலிருந்து 50 மீட்டர் தூரத்திற்குள்ளும் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களை விற்கக்கூடாது என்று 2020-இலேயே மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வகுத்துவிட்டது. பிரான்சில் 2005-இலேயே பள்ளிகளில் இருந்த தின்பண்ட இயந்திரங்களை எடுத்துவிட்டார்கள். ஆணை பிறப்பிப்பது ஒன்று, அதை அமல்படுத்துவது இன்னொன்று என்பதை நானும் கோப்புகளோடு வாழ்ந்து அறிந்தவன். அமலாக்கத்துக்காகக் காத்திருந்தால் பிள்ளை பிளஸ் டூ முடித்துவிடுவான்.

ஆகவே முதல் பொறுப்பு வீட்டில்தான், அதிலும் பெரியவர்களிடம்தான் என்பேன். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குக் கதவைத் திறப்பது தாத்தாவும் ஆயாவும்தான். டியூஷனுக்குப் போகும்போது ‘ஏதாவது வாங்கித் தின்னுடா கண்ணு’ என்று கையில் காசைத் திணிப்பதும் நம் கைதான். 300 மில்லி கோலா பாட்டிலில் ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை, அதாவது ஆறு ஏழு தேக்கரண்டி இருக்கிறது. நாம் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு, காபியைச் சர்க்கரை இல்லாமல் குடிக்கிறோம். பேரனுக்கு மட்டும் பாட்டில் வாங்கிக் கொடுப்பது எந்தப் பாசத்தில் சேர்த்தி?

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு ‘கூத்தே’ நினைவிருக்கும். மாலை நான்கு மணிக்கு ஒரு துண்டு ரொட்டி, ஒரு பழம், அவ்வளவுதான். அதன்பின் இரவுச் சாப்பாடு வரை வாய் அசையாது. அந்த ஒழுங்கை நம் சுண்டலுக்கும், வேர்க்கடலைக்கும், கொய்யாப்பழத்துக்கும் பொருத்திப் பார்க்கலாம். காசு கொடுப்பதற்குப் பதில், நேரத்துக்குப் பண்டம் கொடுப்போம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. பிள்ளையின் உயரத்துக்கு ஒரு கயிற்றை அளந்து வெட்டுங்கள். அதைச் சரிபாதியாக மடித்து, இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். இரண்டு முனையும் எட்டினால் நல்லது. எட்டாவிட்டால், இடுப்பு உயரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது, மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரைஞாண் கயிறு இறுகுகிறதா என்று பார்த்த பாட்டிகளுக்கு இதைக் கற்றுக்கொடுக்கவே வேண்டாம். வீட்டில் பிரஷர் பார்க்கும் கருவி இருந்தால், பேரன் பேத்தி கையிலும் அதைக் கட்டிப் பாருங்கள். பதின்மூன்று வயதுக்கு மேல், வெவ்வேறு நாட்களில் பார்த்தும் 130/80 அல்லது அதற்கு மேல் காட்டினால் அலட்சியம் கூடாது. கை பருமனாக இருந்தால் சிறிய பட்டை தப்பாகக் கூட்டிக் காட்டும், அளவான பட்டை வேண்டும்.

பிள்ளைகளுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் உடல் உழைப்போ விளையாட்டோ வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்தாம் வகுப்பு வந்தாலே விளையாட்டுப் பீரியட் கணக்குப் பீரியடாக மாறிவிடுகிறது. மாலையில் நம் கடற்கரைச் சாலையில் வண்டிகள் கிடையாது, ஆனால் அங்கே நடப்பவர்களில் பெரும்பாலோர் நம் வயதுக்காரர்கள். வாரம் இரண்டு நாளாவது பேரனையும் கூட்டிக்கொண்டு நடங்கள். ராத்திரி செல்போனை வாங்கி வைத்து எட்டு மணி நேரம் தூங்கவிடுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ‘குண்டா’, ‘யானை’ என்று கூப்பிடாதீர்கள். பட்டினி போடாதீர்கள். கேலிக்கு ஆளான பிள்ளை ஒளித்து வைத்துத் தின்னும், விளையாடப் போக வெட்கப்படும். அவனுக்கென்று தனிச் சமையலும் வேண்டாம், வீடு முழுவதற்கும் ஒரே தட்டுச் சாப்பாடு இருக்கட்டும்.

நம்பிக்கை தரும் செய்தி ஒன்றும் உண்டு. 6,328 பேரைச் சிறு வயதிலிருந்து சராசரி 23 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வுகளை 2011-இல் சேர்த்துப் பார்த்தார்கள். சிறுவயதில் பருமனாக இருந்து, வளர்ந்தபின் பருமன் நீங்கியவர்களுக்கு சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் போன்றவை வரும் வாய்ப்பு, என்றுமே பருமனாக இல்லாதவர்களைப் போலவே இருந்தது. சர்வீஸ் புக்கில் ஏறிய பதிவை அழிக்க முடியாது. பிள்ளைகளின் உடம்பில் ஏறியதை இன்னும் திருத்தலாம். அதற்கு அவகாசம் இருக்கும்போதே நாம் கையைச் சற்று இழுத்துப் பிடித்துக்கொள்வோம்.