பரீட்சை வைப்பவரே பாடமும் நடத்தட்டும்

பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைக்கு டாக்டர் சீட் கிடைக்குமா என்று தஞ்சாவூர்ப் பக்கம் யார் கேட்டாலும், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "கோச்சிங்குக்கு எத்தனை வருஷம் பணம் கட்ட முடியும்?"

2007 முதல் இங்கே பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் சேர்த்தார்கள். 2017-இல் நீட் வந்தது. 1,200-க்கு 1,176 எடுத்த அரியலூர் அனிதாவின் மார்க் செல்லாக்காசு ஆயிற்று. 2020-21-இல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 71 பேர் திரும்ப எழுதியவர்கள் என்று ஏ.கே. ராஜன் குழு சொன்னது. குறுவையையும் சம்பாவையும் நம்பிப் பிழைக்கும் குடும்பம், பிள்ளையை ஒரு வருஷம் சும்மா உட்கார வைத்துப் படிக்க வைக்குமா?

"தகுதி பார்க்க வேண்டாமா?" என்பீர்கள். காரைக்காலில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். பிரான்சிலும் பெரிய கல்லூரிகளுக்குக் 'கோன்கூர்' என்ற போட்டித் தேர்வு உண்டு. ஆனால் அதற்கான இரண்டு வருஷ வகுப்பைப் பெரும்பாலும் அரசுப் பள்ளிகளே நடத்துகின்றன. இங்கே பரீட்சை சர்க்காருடையது, பாடம் கடைக்காரருடையது!

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-இல் கொடுத்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு நல்லதுதான். ஆனால் மடையைத் திறக்காமல் வயலுக்குக் குடத்தில் தண்ணீர் ஊற்றினால் எத்தனை குழிக்குப் பாயும்?

பரீட்சை வைப்பவர்கள் அதைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுக்கட்டும். முடியாதென்றால் பிளஸ் டூ மார்க்கையே பார்க்கட்டும்.