இணையப் பருவத்தில் மண்டபத்துக்கும் ஒரு சீட்டு வேண்டும்

கோலா பிலா வட்டாரத் தோட்டப்புறக் கலை ரசிகர்களின் நிலைப்பாட்டு அறிக்கை

கேள்வி

படங்கள், நாடகப் பதிவுகள், கச்சேரிகள், கலைஞர் சந்திப்புகள் ஆகியவற்றைக் கலையரங்குகள் இணையத்தில் ஒரு பருவமாகத் தொகுத்து வழங்குவது தொடர வேண்டுமா? அது பெருந்தொற்றுக் காலத்துக்கான ஏற்பாடு, மேடை திறந்தபின் தேவையில்லை என்று சொல்வோர் இருக்கிறார்கள்.

எங்கள் நிலைப்பாடு

தொடர வேண்டும் என்பதே கோலா பிலா, ஜுவாசே, ஜொகோல் பகுதித் தோட்டங்களிலும் தாமான்களிலும் வாழும் எங்கள் முடிவு. ஆனால், வீட்டுக்கு ஒரு சீட்டு என்று விற்கும் முறை மட்டும் போதாது. ஊர் கூடி ஒரே திரையில் பார்ப்பதற்கான மண்டப உரிமத்தையும் ஒவ்வோர் அரங்கும் வழங்க வேண்டும்.

தொலைவில் இருப்பவர்கள்

கோலா பிலாவிலிருந்து சிரம்பான் சுமார் 40 கிலோமீட்டர். புக்கிட் புத்துஸ் மலையைத் தாண்டி, சிரம்பானில் இரயில் ஏறி, கோலாலம்பூரில் நாடகம் பார்த்து முடித்தால் அன்றிரவு வீடு திரும்பப் பேருந்து இருக்காது. சொந்தக் கார் வைத்திருந்தாலும், மறுநாள் விடியலில் பெரட்டுக்கு (தோட்டத்து ஆள்கணக்கெடுப்புக்கு) நிற்க வேண்டியவர்களுக்கு அது ஆகிற காரியமில்லை. செந்தூலில் 2005இல் திறந்த கேஎல்பேக் அரங்கின் பெயர் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். உள்ளே போய் உட்கார்ந்தவர்கள் குறைவு.

2020 மார்ச் 18 அன்று மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்ததும் நாட்டின் மேடைகள் மூடின. அதே மாதத்தில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா இரவுக்கு ஒரு பதிவை இலவசமாக வெளியிடத் தொடங்கியது. ஏப்ரல் 2 முதல் லண்டன் நேஷனல் தியேட்டர் வாரம் ஒரு நாடகத்தை யூடியூப்பில் தந்தது. சிங்கப்பூர் எஸ்பிளனேடு அரங்கின் இந்தியக் கலை விழாவான கலா உத்சவம் அந்த ஆண்டு இணையத்துக்கு மாறியது. சென்னையில் சபாக்கள் ஒன்றுசேர்ந்து டிசம்பர் 15 முதல் ஒரு மார்கழி விழாவை இணையத்தில் நடத்தின. மியூசிக் அகாடமியும் டிசம்பர் 24 முதல் 31 வரை தன் கச்சேரிகளை இணையத்திலேயே வழங்கியது. மயிலாப்பூர் ரசிகருக்கு அது குறைதான். எங்களுக்கோ விமானச் சீட்டு இல்லாமல் மார்கழி சீசனில் ஓர் இடம் கிடைத்தது. அந்த இடத்தை இழக்க நாங்கள் விரும்பவில்லை.

ஏன் மண்டபம்?

இடம் கிடைத்தது உண்மை; ஆனால் எப்படிப் பார்த்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்த ஒரே நல்ல கைப்பேசியில் பேரப்பிள்ளைகளுக்குப் பாடம் நடந்தது. அது ஓய்ந்த பிறகுதான் பாட்டிக்குக் கச்சேரி. அந்தச் சின்ன ஒலிபெருக்கியில் மிருதங்கத்தின் தொப்பி கேட்கவே கேட்காது. வலந்தலை மட்டும் டிக் டிக்கென்று தட்டிக்கொண்டிருக்கும். அதே பாணியிலான கச்சேரியை ஆலய மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டி, இரவல் புரொஜெக்டரும் திருவிழா ஒலிபெருக்கியும் வைத்துக் கேட்டால், தொப்பியின் ‘தொம்’ தரையில் உட்கார்ந்திருப்பவர் முதுகெலும்பு வரை ஏறுகிறது. தனி ஆவர்த்தனம் முடிந்ததும் கைதட்டல் எழுகிறது. கலைஞர்களுக்குக் கேட்காது என்று தெரிந்தே தட்டுகிறார்கள்.

கூடிப் பார்ப்பது எங்களுக்குப் புதிதல்ல. 1946இல் தொடங்கிய மலாயன் பிலிம் யூனிட்டின் படங்களைத் தகவல் இலாகாவின் வேன்கள் கம்பம் கம்பமாகக் கொண்டுபோய்க் காட்டின. தோட்டத் திடலில் தமிழ்ப் படம் போட்டால் பக்கத்துத் தோட்டத்துச் சனமும் பாயோடு வந்துவிடும். இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்பக்கம் உட்காருவார்கள். அவர்களுக்கு எழுத்து இடம்வலம் மாறித் தெரியும், எம்.ஜி.ஆர் இடது கையால் வாள் வீசுவார். பிறகு வீடியோ வந்தது, 1996இல் அஸ்ட்ரோ வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாகிக் குடும்பங்கள் தாமான்களுக்குப் பிரிந்தன. பார்க்கப் படம் பெருகியது; கூடி உட்கார இடமும் காரணமும் குறைந்தன.

இதனால் இழப்பது பொழுதுபோக்கை மட்டுமல்ல. தீபக் குமரன் மேனனின் ‘செம்மண் சாலை’ 2005இல் ரப்பர் தோட்டத்துக் குடும்பம் ஒன்றின் கதையைச் சொன்னது. சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ 2015இல் வந்து, மறு ஆண்டு 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துச் சிறுவன் ஒருவனைச் சுற்றியது அந்தக் கதை. இத்தகைய படத்தைத் தாத்தாவும் பேரனும் தனித்தனித் திரையில் பார்த்தால் இருவருக்கும் ஒரு படம் கிடைக்கும். சேர்ந்து பார்த்தால், “எங்க லயத்துலயும் இப்படித்தான்டா” என்று தாத்தா பேச ஆரம்பிப்பார்.

தடை எங்கே இருக்கிறது?

இணையச் சீட்டுகளில் “தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்” என்றொரு வரி பொதுவாக இருக்கும். அதை வாங்கி மண்டபத்தில் போட்டுக் காட்டினால் 1987ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் குறுக்கே நிற்கும். திரைப்படமாக இருந்தால் 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டமும் சேரும். இது வெறும் பயமல்ல. இலங்கைப் போரின் இறுதிக்கட்டம் பற்றிய ‘நோ ஃபயர் ஸோன்’ ஆவணப்படத்தை 2013இல் கோலாலம்பூரில் தணிக்கை அனுமதியின்றித் திரையிட்ட வழக்கில், மனித உரிமைப் பணியாளர் ஒருவருக்கு 2017இல் 10,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. அந்தச் சட்டத்தைப் பற்றி எங்களுக்குத் தனிக் கருத்து உண்டு. அது வேறு அறிக்கைக்கு உரியது. இங்கே சொல்ல வருவது ஒன்றுதான்: இந்தப் பொறுப்பைக் கோயில் நிர்வாகமோ பெற்றோர் ஆசிரியர் சங்கமோ தலையில் சுமக்க முடியாது. பருவத்தை வடிவமைக்கும் அரங்குதான் அனுமதியையும் வாங்கித் தர வேண்டும்.

முடியுமா என்று கேட்பவர்களுக்கு முன்மாதிரி இருக்கிறது. மெட்ரோபாலிட்டன் ஓபரா 2006 டிசம்பரிலும் நேஷனல் தியேட்டர் 2009 ஜூனிலும் தங்கள் மேடையை நேரலையாகத் திரையரங்குகளுக்கு அனுப்பத் தொடங்கின. பெருந்தொற்றுக்குப் பல ஆண்டுகள் முன்பே, கூட்டமாகப் பார்ப்பதற்கென்றே அமைந்த ஏற்பாடு அது. நாங்கள் கேட்பது அதன் சின்ன வடிவம்.

எதிர்வாதங்கள்

“ஒரு சீட்டில் ஊரே பார்த்தால் அரங்குக்கு வருமானம் எது?” தோட்டத்தில் வீட்டுக்கு வீடு சீட்டு விற்கும் என்று நம்பினால்தான் இந்தக் கேள்வி எழும். உயர்தரக் காணொளி மணிக்குச் சுமார் 3 ஜிபி தரவு தின்னும். இரண்டு மணி நேர நாடகத்தை இருபது வீடுகள் தனித்தனியே பார்த்தால் 120 ஜிபி. மண்டபத்தில் பார்த்தால் 6 ஜிபி. முன்கட்டணத் தரவில் ஓடும் வீட்டில் நாடகத்துக்கென்று 6 ஜிபி யாரும் ஒதுக்குவதில்லை. மண்டப உரிமத்தால் வரும் பணம் அரங்குக்கு இதுவரை வராத பணம்.

“நேரில் பார்ப்பதற்கு ஈடாகுமா?” ஆகாது. இணையத்தில் கொடுத்துவிட்டோம், இனி வெளியூர்ப் பயணம் எதற்கு என்று அரங்குகள் நினைத்துவிடுமோ என்ற அச்சம் எங்களுக்கே உண்டு. அதனால்தான் கீழே ஐந்தாவது கோரிக்கை.

எங்கள் கோரிக்கைகள்

1. ஆள் எண்ணிக்கைப்படி 50 பேர் வரை, 100 பேர் வரை என நிலையான கட்டணத்தில் மண்டப உரிமம். தேவையான தணிக்கை அனுமதியை அரங்கே பெற வேண்டும்.

2. முன்கூட்டியே பதிவிறக்கி, இணையமில்லாமல் ஓட்டக்கூடிய கோப்பு. மழை நாளில் அலைவரிசை போய்விட்டால் பாதி நாடகத்தோடு கூட்டம் கலையக் கூடாது. கோப்பு குறித்த நாளில் தானாகக் காலாவதியாகட்டும், ஆட்சேபம் இல்லை.

3. மலாய், ஆங்கில, சீனப் படைப்புகளுக்குத் தமிழ்த் துணையெழுத்து. தமிழ்ப் படைப்புகளுக்கு மலாய்த் துணையெழுத்து. எங்கள் மண்டபக் கதவு அண்டை வீட்டாருக்கும் திறந்திருக்கும்.

4. மேடை ஊதியத்துக்கு மேல், இணையப் பதிவுக்கும் கலைஞர்களுக்கும் பின்னணிக் கலைஞர்களுக்கும் தனி ஊதியம். அவர்கள் வயிற்றில் அடித்து மலிவாகக் கிடைக்கும் சீட்டு எங்களுக்கு வேண்டாம்.

5. இணையப் பருவம் நடத்தும் ஒவ்வோர் அரங்கும் ஆண்டுக்கு ஒரு நிகழ்ச்சியையாவது சிறுநகரம் ஒன்றில் நேரடியாக நடத்த வேண்டும்.

6. கலைஞர் சந்திப்புகள் சனி இரவிலோ ஞாயிறு மாலையிலோ அமைய வேண்டும். மண்டபத்திலிருந்தும் கேள்வி கேட்க வழி வேண்டும்.

நாங்கள் செய்வது

உரிமம் இல்லாத எதையும் திரையிட மாட்டோம். திரையைப் படம்பிடிக்க யாரையும் விடமாட்டோம். கட்டணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று திரட்டி, வந்தவர்களின் உண்மையான எண்ணிக்கையை அரங்குக்கு எழுதி அனுப்புவோம். இயலாதவர் பங்கை மற்றவர்கள் ஏற்போம்.

இந்த அறிக்கையைத் தலைநகர அரங்குகளுக்கும், கலை வளர்ச்சிக்கு நிதியளிக்கும் சென்டானா அமைப்புக்கும், மாநில அரசுக்கும் அனுப்புகிறோம். பொது நிதி பெறும் எந்த இணையப் பருவத்துக்கும் மண்டப உரிமத்தை ஒரு நிபந்தனையாக்குமாறு நிதி வழங்குவோரைக் கேட்டுக்கொள்கிறோம். அரங்குகள் ஒரே ஒரு நாடகத்தை வைத்து ஒத்திகை பார்க்க விரும்பினாலும் சரி. நாளைக் குறித்துச் சொன்னால் மண்டபம், திரை, ஒலிபெருக்கி, பார்வையாளர் நான்கும் எங்கள் பொறுப்பு.