இரண்டு ஆட்காட்டிகள்



கே.கே. நகரின் ஓரங்களில் குடியேறியோர் ஆட்காட்டிக் குருவியின் குரலை நன்கறிவர். காலிமனையில் ஆளோ நாயோ கால் வைத்தால் போதும். அதட்டுவதுபோல் கத்திக்கொண்டு தலைக்குமேல் வட்டமிடும். பெயர்க் காரணமும் அதுவே.

ஆனால் ஆட்காட்டி ஒன்றன்று. நம் பக்கத்தில் இரண்டு உண்டு. இரண்டும் நீண்ட மஞ்சள் கால்களால் தரையில் ஓடிப் பூச்சி பொறுக்கும் கரைப்பறவை இனத்தவை. ஒன்றுக்குக் கண்முன்னே சிவந்த சதைமடல். கழுத்தும் மார்பும் கருப்பு. சிவந்த அலகின் நுனியும் கருப்பு. மற்றது சற்றுச் சிறியது. மஞ்சள் மடல், கருந்தொப்பி கவிழ்த்தாற்போன்ற தலை, அதன் விளிம்பில் வெள்ளைக் கோடு. குரலும் அவ்வளவு முரட்டுத்தனமானதன்று. பறவைகளைப் பிரித்தறிவதில் அறிஞரும் இடறுவதுண்டு. லேவியர் நூல் 11-ஆம் அதிகாரத்தில் 1611-ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஆட்காட்டி இனப் பறவையைக் குறித்தது. இந்நாளைய மொழிபெயர்ப்புகள் பலவும் அங்கே கொண்டலாத்தி என்கின்றன!

நமக்கு வேண்டிய வேற்றுமை வாழிடத்தில் உள்ளது. சிவப்பு மடலுடையது வாய்க்கால், வயல், ஏரிக்கரை ஆகியவற்றை நாடும், ஊருக்குள்ளும் சமாளிக்கும், மொட்டைமாடியில் முட்டையிட்டதும் உண்டு. மஞ்சள் மடலுடையதற்கோ புல் குட்டையாய் முளைத்த வறண்ட திறந்தவெளியே வீடு. வெறுந்தரையில் சிறு குழி, சுற்றிலும் சில கற்கள், மண்ணிறத்தில் பெரும்பாலும் 4 முட்டைகள். கோடை வெயிலில் தாய்தந்தையர் நீருக்குச் சென்று வயிற்று இறகுகளை நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கும். பொட்டலில் வாழும் பறவைக்கு அந்த நீர் எவ்வளவு தொலைவோ!

நாம் 'சும்மா கிடக்கும் நிலம்' என்று சொல்வது அதன் குடியிருப்பு. மனைகள் வீடுகளாகும்போது சிவப்பு மடலுடையது ஒதுங்கி வாழ்ந்துகொள்ளும். மற்றதற்குப் போக்கிடம் குறையும். ஆயினும் ஆட்காட்டி கத்துகிறதே என்று நாம் நிம்மதியாயிருப்போம். கத்துவது எது என்று பாரோம்.

மரம் நடும் இளைஞர்களுக்கு ஒரு சொல். தெருவோரமும் ஆலய வளாகமும் மரத்துக்கு ஏற்ற இடங்களே. அங்கே தாராளமாய் நடுங்கள். பொட்டலில் குழி தோண்டுமுன் மட்டும் ஒரு காலை அரைமணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். மஞ்சள் மடல் தென்பட்டால் வேறிடம் தேடுங்கள். திரும்பும்போது காலடியைப் பார்த்து நடங்கள். பெற்றோரின் எச்சரிக்கைக் குரல் கேட்டதும் குஞ்சுகள் மண்ணோடு மண்ணாய் அசையாமல் படுத்திருக்கும்.