ஓல்சனை எந்தத் தவறுக்காகத் திட்டுவது?

டெர்மினலைத் திறந்து 'கிளியர்' என்று தட்டுங்கள். திரை துடைத்துவிட்டாற்போல் ஆகிறது. ஓர் எஸ்கேப் குறியும் அதன் பின்னால் இரண்டு மூன்று எழுத்துகளும் போய்ச் சேர்ந்ததால் நடந்த வேலை அது. 1978இல் டிஜிட்டல் எக்யூப்மென்ட் கார்ப்பரேஷன், நம் ஆட்கள் வாயில் 'டெக்', விடி100 என்ற டெர்மினலை விற்கத் தொடங்கியபோது ஊரெல்லாம் பரவிய பாஷை. அந்தப் பெட்டி அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. பாஷை மட்டும் நீங்கள் நேற்றிரவு நுழைந்த சர்வரில் இருக்கிறது.

டெக்கைத் தொடங்கிய கென் ஓல்சன் 2011 பிப்ரவரி 6 அன்று, 84 வயதில் இறந்தார். எட்டு மாதம் கழித்து ஸ்டீவ் ஜாப்ஸ் மறைந்தபோது கடை வாசல்களில் பூவும் மெழுகுவத்தியுமாகக் குவிந்தன. ஓல்சன் பெயரைச் சொன்னாலோ ஒரே ஒரு வரிதான் நினைவுக்கு வருகிறது: வீட்டில் கணினி வைத்துக்கொள்ள எவருக்கும் அவசியமில்லை என்று 1977இல் அவர் சொன்னாராம். வீட்டின் சகல காரியங்களையும் ஒரு கணினி நடத்துவதைத்தான் அப்படிச் சொன்னேன் என்று அவர் பிறகு விளக்கினார். அவர் வீட்டிலேயே கணினி இருந்தது. விளக்கம் எடுபடவில்லை. அந்த வரியை ஸ்லைடில் போட்டுக் கைதட்டல் வாங்கியவர்களில் நானும் ஒருவன்.

அதற்காக அவரைக் குற்றமற்றவர் என்று சொல்ல வரவில்லை. 1982இல் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத மூன்று பர்சனல் கம்ப்யூட்டர்களை டெக் ஒரே சமயத்தில் இறக்கியது: ரெயின்போ, புரொஃபஷனல், டெக்மேட். வாங்க வந்தவன் எதை வாங்குவான்? யூனிக்ஸை லேகிய வியாபாரம் என்ற தொனியில் பேசியதும் அவர்தான். ஆனால் 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் யூனிக்ஸை எழுதத் தொடங்கியது டெக்கின் பிடிபி-7 இயந்திரத்தில். சி மொழி வளர்ந்தது பிடிபி-11இல். டெக்கின் விஎம்எஸ் இயங்குதளத்தை வடிவமைத்த டேவ் கட்லர்தான் பின்னால் மைக்ரோசாஃப்ட் போய் விண்டோஸ் என்டியைக் கட்டினார்.

அமெரிக்காவின் மேனார்ட் என்ற ஊரில் ஒரு பழைய கம்பளி ஆலையில், 70,000 டாலர் முதலீட்டில் 1957இல் தொடங்கிய கம்பெனி டெக். கண்ணாடி அறைக்குள் பூட்டி வைத்த கணினியை, பயன்படுத்துபவரே கை வைக்கும்படி ஆய்வகத்துக்குள் கொண்டுவந்தது. 1965இல் வந்த பிடிபி-8 ஏறத்தாழ 18,000 டாலர். பயனர்கள் தங்களுக்குள் நிரல்களைப் பகிர்ந்துகொள்ள 1961இலேயே டெக்கஸ் என்ற சங்கம் அமைந்துவிட்டது. லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குச் சம்பளம் கொடுத்த நிறுவனம் ஆட்குறைப்பில் இறங்கியிருந்த காலத்தில், 1992இல், ஓல்சன் வெளியேறினார். 1998இல் காம்பேக் அதை 960 கோடி டாலருக்கு வாங்கியது.

தலைவர்களை எடைபோடும்போது பத்திரிகைகளுக்கு ஒரு வரி போதும். தொழில் தெரிந்த நமக்குப் போதாது. அந்த 1977 ஸ்லைடு உங்களிடம் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஓல்சன் சறுக்கிய கதையைத்தான் சொல்ல வேண்டுமென்றால், அந்த மூன்று பெட்டிகளின் படத்தைப் போடுங்கள்.